15 வாட் போதாது

மேடையில் வாசிக்க ஆம்ப் வாங்கப் போகிறேன் என்று ஒரு கிட்டார் வாசிப்பாளர் சொன்னதும் அவருக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான். "சின்னதா ஒரு வால்வு ஆம்ப் வாங்கு. 15 வாட் தாராளம். மேடையில மைக் வெச்சிடுவாங்க, மிச்சத்தை அரங்கோட பி.ஏ. ஸ்பீக்கர் பாத்துக்கும்." கடைக்காரர் இதைச் சொல்கிறார், மூத்த வாசிப்பாளர்கள் சொல்கிறார்கள், அரங்குக்கு ஒலியமைப்பவர் எல்லாரையும்விட அழுத்திச் சொல்கிறார். எதிர்த்துப் பேசுபவர் பழைய காலத்து ஆள் என்று ஒதுக்கப்படுகிறார். இந்த அறிவுரை ஒரு சாராருக்கு முழுக்கச் சரி என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் டிரம்ஸும் பேஸும் கூட நிற்க, ஒவ்வொரு சுரமும் உடையாமல் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று கிளீனாக வாசிப்பவருக்கு இது தவறான அறிவுரை. அவர் பணம் வீணாகிறது, அவர் வாசிப்பும் கெடுகிறது. பல வருடங்களாக இதைக் கேட்டுக் கேட்டுப் பொறுத்தாகிவிட்டது.

இது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் எதுவரை செல்லும் என்பதும் தெரிந்துவிடும். வால்வு ஆம்பை அதன் சக்திக்கு மேல் முடுக்கினால் ஒலி உடையும். அந்த உடைந்த ஒலிக்கென்று ஒரு அழகு உண்டு. ப்ளூஸும் ராக்கும் அதை வைத்தே வளர்ந்தன. அது வேண்டுமென்றால் ஆம்பை ஏறக்குறைய முழுக்கத் திருக வேண்டும். 100 வாட் ஆம்பை அப்படித் திருகினால் சின்ன அரங்கில் யாரும் உட்கார முடியாது. 15 வாட் ஆம்பைத் திருகலாம். டிஸ்டார்ஷன் என்ற இந்த உடைந்த ஒலியை விரும்புபவருக்குச் சின்ன ஆம்ப் நல்லது என்பது இப்படித்தான் பிறந்தது. சான்றாக இரண்டு இசைத்தட்டுகளை எப்போதும் காட்டுவார்கள். 1970-இல் 'லேலா' தொகுப்புக்கு எரிக் கிளாப்டன் பயன்படுத்தியது ஃபெண்டர் சாம்ப் என்ற குட்டி ஆம்ப். லெட் ஸெப்பலினின் முதல் தொகுப்பில் ஜிம்மி பேஜ் வைத்திருந்தது சின்ன சுப்ரோ ஆம்ப். உண்மைதான். ஆனால் இரண்டுமே ஒலிப்பதிவுக்கூடத்தில் நடந்தவை, இரண்டுமே உடைந்த ஒலியைத் தேடிப் போனவை. அங்கே மைக் ஸ்பீக்கரை ஒட்டி நிற்கும். கிட்டார் எவ்வளவு உரக்க ஒலிக்க வேண்டும் என்பதைப் பிறகு மிக்ஸிங்கில் முடிவு செய்துகொள்ளலாம். மேடையில் கிளீனாக வாசிப்பவருக்கு இந்த இரண்டு வசதியும் கிடையாது.

கிளீன் ஒலியின் கணக்கே வேறு. தந்தியை மீட்டும் நொடியில் எழும் உச்சம், அதன் பிறகு ஒலிக்கும் சுரத்தின் சராசரியைவிட மிகப் பெரியது. 10 டெசிபல் வித்தியாசம் சாதாரணம். மின்திறனில் அது பத்து மடங்கு. சராசரியாக 5 வாட்டில் வாசித்துக்கொண்டிருப்பவர் ஒரு கார்டை அழுத்தி அடித்தால் அந்தக் கணத்தின் உச்சம் 50 வாட்டைக் கேட்கிறது. ஆம்பிடம் அது இல்லையென்றால் உச்சம் வெட்டுப்படும், ஒலி உடையும். இந்தக் கணத்துக்காகக் கையிருப்பில் வைத்திருக்கும் சக்தியைத்தான் ஹெட்ரூம் என்கிறோம். டிஸ்டார்ஷனில் உச்சங்கள் ஏற்கெனவே வெட்டப்பட்டுத் தட்டையாகிவிட்டன. உச்சத்துக்கும் சராசரிக்கும் இடைவெளி குறைவு. அதனால் 15 வாட்டும் காதுக்குப் பெரிதாகக் கேட்கிறது. அதே ஆம்பில் கிளீனாக வாசிப்பவர் சராசரியில் ஒன்றரை வாட்டுக்குள் அடங்கியிருக்க வேண்டும். டிரம்ஸ் பக்கத்தில் இருக்கும்போது அது எதற்குக் காணும்?

எண்ணாகவே பார்க்கலாம். ஃபெண்டர் நிறுவனம் 1963-இல் இரண்டு ஆம்ப்களைக் கொண்டுவந்தது. டீலக்ஸ் ரிவெர்ப் 22 வாட், ஒரு 12 அங்குல ஸ்பீக்கர். ட்வின் ரிவெர்ப் 85 வாட், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர். வாட் ஏறக்குறைய நான்கு மடங்கு என்பதால் 6 டெசிபல் கூடுகிறது. ஒரே வகை ஸ்பீக்கர் இரண்டு அருகருகே இருப்பதால் கீழ்ச்சுரங்களில் இன்னும் 3 டெசிபல் வரை சேரும். மொத்தம் 9. காதுக்கு 10 டெசிபல் ஏறினால் ஒலி இரட்டித்ததுபோல் தோன்றும். ஆக, உடையாமல் எவ்வளவு உரக்க வாசிக்கலாம் என்ற அளவில் ட்வின் கிட்டத்தட்ட இரு மடங்கு.

இந்தக் கணக்கை எடுத்து என் பக்கமே திருப்புகிறவர்கள் உண்டு. "வாட்டை இரட்டித்தால் 3 டெசிபல்தான், அது காதுக்கே சரியாகத் தெரியாது, அதற்கா இவ்வளவு செலவு?" என்பது அவர்கள் கேள்வி. ஒரு சீரான சத்தத்தை 3 டெசிபல் ஏற்றினால் வித்தியாசம் சிறியதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உடைகிற இடத்தில் 3 டெசிபல் சிறியதல்ல. ஒரு பக்கம் முழுமையான கார்ட், மறுபக்கம் கரகரப்பு. கேட்பவர் அங்கே கவனிப்பது சத்தத்தின் அளவை அல்ல, சுரம் உடைந்ததா இல்லையா என்பதை. அதை எந்தக் காதும் கண்டுபிடிக்கும்.

அடுத்தது, "வால்வு வாட் வேறு, டிரான்சிஸ்டர் வாட் வேறு, 20 வாட் வால்வு 60 வாட் டிரான்சிஸ்டருக்குச் சமம்" என்ற வாதம். எல்லா ஊர்களிலும் இதை வேதவாக்காக வைத்திருக்கிறார்கள். ஒரு வாட் எங்கும் ஒரு வாட்தான். வால்வு ஆம்ப் அதிக உரக்கக் கேட்பது ஏன் என்றால், அது தன் அளவைத் தாண்டியதும் மெதுவாக, காது பொறுத்துக்கொள்கிற விதத்தில் உடைகிறது. அதனால் குறித்த அளவுக்கு மேலேயும் அதைத் திருகிக்கொண்டே போகிறோம். டிரான்சிஸ்டர் ஆம்ப் சட்டென்று கரகரப்பாக உடைவதால் அந்த எல்லையிலேயே நிறுத்திவிடுகிறோம். ஆக இந்த நம்பிக்கையின் உள்ளே இருப்பது டிஸ்டார்ஷனைப் பற்றிய ஓர் உண்மை. உடையவே கூடாது என்று ஆரம்பிக்கிறவருக்கு இந்தச் சலுகையில் ஒன்றும் கிடைப்பதில்லை. அவருக்கு 20 வாட் வால்வு என்பது 20 வாட்தான்.

லேசாக உடைந்தால் என்ன குடி முழுகிவிடும், அதுவும் ஒரு வெதுவெதுப்புத்தானே என்று கேட்பார்கள். எந்தக் கார்டை வாசிக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. ஒலி உடையும்போது, ஒலிக்கிற இரண்டு சுரங்களின் கூட்டலும் கழித்தலும் புதிய சுரங்களாக முளைக்கின்றன. 220 ஹெர்ட்ஸில் ஓர் ஏ, அதன் ஐந்தாம் சுரமாக 330-இல் ஓர் ஈ என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 110. அது அதே ஏ-தான், ஒரு ஸ்தாயி கீழே. கார்டுக்கு வலுச் சேர்க்கிறது. ராக்கில் பவர் கார்ட் எவ்வளவு உடைந்தாலும் நன்றாக இருப்பதன் ரகசியம் இது. இப்போது அந்த ஏ-யோடு அதன் மேஜர் மூன்றாம் சுரமான 277-ஐச் சேர்த்துப் பாருங்கள். வித்தியாசம் 57 ஹெர்ட்ஸ். கிட்டாரின் எந்த ஃப்ரெட்டிலும் இல்லாத, கீழே உள்ள 55 ஏ-யோடும் சேராத ஒரு முனகல். இன்னும் ஏழாம் சுரம், ஒன்பதாம் சுரம் என்று அடுக்குகிற ஜாஸ், சோல், காஸ்பல் கார்டுகளில் இப்படிப்பட்ட முனகல்கள் பல எழுந்து ஒன்றோடொன்று மோதும். நான்கு விரலை நான்கு இடத்தில் வைத்துப் பழகி உண்டாக்கிய ஒரு கார்ட், கூழாகி வெளியே வரும். அதை வெதுவெதுப்பு என்று பெயர் சூட்டி ஏற்றுக்கொள்ளச் சொல்வது அந்த வாசிப்பாளரின் உழைப்பை மதிக்காத பேச்சு.

"மைக் வைத்துவிடுவார்களே" என்பதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் முட்டுக்கொடுக்கிற வாதம். இதை நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பி.ஏ. வேலை செய்வது பார்வையாளர்களுக்காக. வாசிப்பவருக்குத் தன் கிட்டார் கேட்பது அவர் பின்னால் நிற்கிற ஆம்பிலிருந்து. இரண்டடி தள்ளி டிரம்ஸ் இருக்கிறது. ஸ்நேர் அடியின் உச்சம் 110 டெசிபலைத் தாண்டிப் போகும். முதல் பாட்டில் வாசிப்பவர் ஆம்பின் வால்யூமை 4-இல் வைத்திருப்பார். டிரம்மர் சூடானதும் தன் கிட்டார் அவருக்கே கேட்காது. 6-க்குத் திருகுவார். அங்கே சின்ன ஆம்ப் உடைகிறது. மைக் என்ன செய்யும்? உடைந்ததை உடைந்தபடியே ஆயிரம் பேருக்குப் பெரிதாக்கிக் கொடுக்கும். பி.ஏ. எவ்வளவு பெரியதானாலும் ஆம்பில் வெட்டுப்பட்ட உச்சத்தை ஒட்டவைக்கும் கருவி அதில் இல்லை.

"மானிட்டரில் கொஞ்சம் கிட்டார் ஏற்றிக்கொள்ளலாமே?" ஏற்றலாம், வாசிப்பவரை நோக்கி வைக்கும் அந்த மானிட்டர் ஸ்பீக்கர் இருந்தால். சின்ன அரங்குகளில் பி.ஏ. என்பது பாட்டுக்கு மட்டும். மானிட்டரும் பாடுபவருக்கு மட்டும். கிட்டாரை அதில் ஏற்றினால் பாடுபவரின் மைக்கில் அது போய் விழும், ஊளை கிளம்பும் அபாயமும் கூடும். பெரிய மேடையில், மானிட்டருக்கென்றே தனி ஒலிப்பொறியாளரும் காதுக்குள் வைக்கும் கருவியும் இருக்கும் இடத்தில், இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது என்பது சரி. அங்கே வாசிக்கிறவர்கள் எத்தனை பேர்? ஆம்ப் வாங்க யோசனை கேட்கிறவர்களில் பெரும்பாலோர் வாசிப்பது மதுக்கூடங்களில், கல்லூரி அரங்குகளில், கல்யாண மண்டபங்களில், தேவாலயங்களில். அறிவுரை அவர்களுக்காக இருக்க வேண்டாமா?

வரலாறும் இந்த அறிவுரைக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. இங்கிலாந்தில் வாக்ஸ் நிறுவனத்தின் 15 வாட் ஏசி15 இன்றும் போற்றப்படுகிற ஆம்ப். 1950களின் கடைசியில் மேடைகள் பெரிதாகிக் கூட்டத்தின் இரைச்சலும் ஏறியபோது, ஹாங்க் மார்வினின் ஷாடோஸ் குழுவினருக்கு அது போதவில்லை. அப்படி வந்ததுதான் 30 வாட் ஏசி30. கலிஃபோர்னியாவில் பல்போவாவின் ராண்டெவூ பால்ரூமில் டிக் டேல் சர்ஃப் இசை வாசித்தபோது லியோ ஃபெண்டர் கொடுத்த ஆம்ப்களும் ஸ்பீக்கர்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கருகின. தடித்த தந்தி, முரட்டு அடி, ஆடுகிற பெருங்கூட்டம். லியோ ஃபெண்டர் அதற்குப் பதிலாகச் செய்ததுதான் ஷோமேன்: பெரிய அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், ஜேபிஎல் 15 அங்குல ஸ்பீக்கர். டேலுக்குச் சின்ன ஆம்பே போதும் என்று அவர் பாடம் எடுக்கவில்லை. 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் வாசித்தபோது 55,000-க்கும் மேற்பட்ட கூட்டம். அதற்காக வாக்ஸ் 100 வாட் ஆம்ப்களைத் தந்தது. அதுவும் அலறலில் மூழ்கியது. இந்தச் சம்பவத்தைக் காட்டி, "அன்று நல்ல பி.ஏ. இல்லாததால்தான் பெரிய ஆம்ப், இன்று அது தேவையில்லை" என்பார்கள். ஸ்டேடியத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது பொருந்தும். ஆனால் ஷோமேனும் ஏசி30-உம் ஸ்டேடியத்துக்காகப் பிறந்தவை அல்ல. அவற்றைக் கேட்டு வாங்கியது நடன அரங்குகள்.

பி.ஏ. வளர்ந்த பிறகும் கிளீன் வாசிப்பவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 1974-இல் கிரேட்ஃபுல் டெட் குழுவினர் 'வால் ஆஃப் சவுண்ட்' என்ற பிரமாண்டமான ஒலியமைப்பை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். ஜெர்ரி கார்சியாவின் கிட்டார் ஃபெண்டர் ட்வினின் முன்பகுதியில் நுழைந்து, அங்கிருந்து வீட்டில் இசை கேட்பவர்களுக்கான மக்கின்டாஷ் பவர் ஆம்புக்குப் போனது. அதன் ஒரு சேனல் 300 வாட். அடுத்து ஜேபிஎல் ஸ்பீக்கர்கள். அவர் மேடையில் வைத்திருந்த தெளிவு இந்தக் கையிருப்பிலிருந்து வந்தது. பி.பி. கிங் நெடுங்காலம் நம்பிய லேப் சீரீஸ் எல்5, 100 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப். வால்வுதான் ப்ளூஸ் என்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

எனக்கு மிகப் பிடித்த சாட்சி பெடல் ஸ்டீல் கிட்டார் வாசிக்கும் நாஷ்வில் கலைஞர்கள். அவர்கள் காலடியில் ஒரு வால்யூம் பெடல் இருக்கும். சுரத்தை மீட்டும்போது பெடல் பாதியில்தான் நிற்கும். சுரம் தேயத் தேயக் காலை மெல்ல அழுத்தி ஒலியைத் தாங்கிப் பிடிப்பார்கள். அந்த இசையின் நீண்ட அழுகை இப்படித்தான் உண்டாகிறது. தேய்கிற சுரத்தைத் தூக்கிக்கொண்டே போக வேண்டும், அடுத்த மீட்டலும் உடையக்கூடாது. இதற்கு எவ்வளவு கையிருப்பு வேண்டும் என்று யோசியுங்கள். அவர்களில் பலர் போய்ச் சேர்ந்த இடம் பீவி நிறுவனத்தின் செஷன் 400, நாஷ்வில் 400 போன்ற 200 வாட்டை ஒட்டிய டிரான்சிஸ்டர் ஆம்ப்கள், 15 அங்குல ஸ்பீக்கர். நாகரிகம் பார்த்து வாங்கியவை அல்ல. காதை நம்பி வாங்கியவை.

எதிர்ப்பக்கத்தின் பேச்சில் நியாயம் அதிகமுள்ளது எடையைப் பற்றியதுதான். ட்வின் 29 கிலோ. மாடிப்படி ஏற்றினால் முதுகு சொல்லும். ஆனால் பெரிய ஆம்ப் என்றால் பெரிய எடை என்ற நிலை போய்விட்டது. 2019-இல் ஃபெண்டரே ட்வினின் டிஜிட்டல் வடிவமான டோன் மாஸ்டரைக் கொண்டுவந்தது. எடை 15 கிலோ அளவு. அதன் உள்ளே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 85 வாட் வால்வு ஆம்பின் ஹெட்ரூமைப் போலச் செய்ய அவர்கள் வைத்தது 200 வாட் கிளாஸ் டி பவர் ஆம்ப். 22 வாட் டீலக்ஸைப் போலச் செய்ய 100 வாட். 15 வாட் போதும் என்ற ஊர்ப்பேச்சை அந்தப் பொறியாளர்கள் நம்பியிருந்தால் இவ்வளவு சக்தியை ஏன் வைத்திருப்பார்கள்?

இன்னொன்று சத்தம். "பெரிய ஆம்ப் கொண்டுவந்தால் அரங்கையே அலறவிடுவான்" என்று ஒலியமைப்பவர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் அனுபவத்திலிருந்து வந்தது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்களை அலறவிட்டவர்கள் டிஸ்டார்ஷனுக்காக ஆம்பைத் திருகியவர்கள். கிளீன் வாசிப்பவருக்கு அப்படித் திருகும் தேவையே இல்லை. ட்வின் 3-இல் இருந்தாலும் அதன் ஒலி முழுமைதான். கேட்பவர் காதைக் காப்பது கட்டாயம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் அரங்குகளுக்குச் சொன்ன எல்லை, 15 நிமிடச் சராசரியாக 100 டெசிபல். அந்த எல்லைக்குள் நின்று வாசிக்கவும் உச்சங்களுக்குக் கையிருப்பு வேண்டும். குறைந்த ஒலியில் உடையாமல் வாசிக்கும் பெரிய ஆம்ப், மூச்சுத்திணறும் சின்ன ஆம்பைவிடக் காதுக்கு இதம்.

ஆம்பே வேண்டாத மேடைகளும் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டு மெல்லிசைக் குழுக்களில் கிட்டார் பெரும்பாலும் ஒரு பிராசஸர் வழியாக நேரே மிக்ஸருக்குப் போகிறது. அங்கே வாசிப்பவர் கேட்டுப் பெற வேண்டியது தனக்கென்று ஒரு நல்ல மானிட்டர். அது கிடைத்தால் என் வாதம் அவருக்குத் தேவையில்லை. கிடைக்காத இடத்தில் அவர் படும் பாடும் இதே பாடுதான்.

சரி, எதை வாங்குவது? ஆம்பைப் பார்க்கும் முன் ஸ்பீக்கரைப் பாருங்கள். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் எத்தனை டெசிபல் என்ற எண் ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் மாறும். 97-இலிருந்து 100-க்குப் போவது ஆம்பின் வாட்டை இரட்டிப்பதற்குச் சமம். ஸ்பீக்கர் தாங்கும் வாட்டையும் பாருங்கள். 25 வாட் தாங்கும் செலஸ்டியன் கிரீன்பேக் உடையும் ஒலிக்குப் பேர்போனது; 200 வாட் தாங்கும் எலக்ட்ரோ-வாய்ஸ் ஈவிஎம்12எல் அசையாது. 1960களிலேயே ட்வினுக்கு ஜேபிஎல் டி120எஃப் ஸ்பீக்கரைக் கூடுதல் விலைக்குக் கேட்டு வாங்க வழி இருந்தது.

வால்வுதான் வேண்டும் என்றால் ட்வின். பழையது கிடைக்கும் ஊரில் இருந்தால், 1970களின் 100 வாட், 135 வாட் ட்வின்களைத் தேடுங்கள். "ரொம்ப கிளீன், உடையவே மாட்டேங்குது" என்ற குறை சொல்லப்பட்டதாலேயே அவை 1960களின் ட்வின்களைவிட மலிவாக விற்கின்றன. அந்தக் குறைதான் நமக்கு வேண்டிய குணம். வால்வு வேண்டாம் என்றால் 1975-இல் வந்து இன்றும் தயாரிப்பில் உள்ள ரோலண்ட் ஜேசி-120. இரண்டு 60 வாட் பவர் ஆம்ப், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர். மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டே கிளீன் பகுதிகளுக்கு அதைத்தான் எடுத்தார். அதன் சொந்த டிஸ்டார்ஷன் நன்றாக இருக்காது, லேசான இரைச்சலும் உண்டு. கிளீனுக்காக வாங்குபவர் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. எந்த ஆம்ப் ஆனாலும் தரையில் வைத்து முழங்காலுக்கு வாசிக்காதீர்கள். 12 அங்குல ஸ்பீக்கரின் மேல்சுரங்கள் நேர்கோட்டில் குறுகிப் போகும். காதுக்கு எட்டாததால் ட்ரெபிளை ஏற்றுவோம், முன்வரிசைக்காரர் காதைப் பொத்துவார். பெட்டியைச் சாய்த்தோ ஒரு நாற்காலிமேல் ஏற்றியோ வையுங்கள்.

கடையில் தனியாக உட்கார்ந்து வாசித்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்; அந்த அறையில் எல்லா ஆம்பும் உரக்கத்தான் கேட்கும். முடிந்தால் ஒரு ஒத்திகைக்கு இரவல் வாங்கிப் போங்கள். உங்கள் டிரம்மர் மேடையில் அடிப்பதுபோலவே அடிக்கட்டும். பிரிட்ஜ் பிக்கப்பில் உங்கள் அடர்த்தியான கார்டை, ஒன்பதாம் சுரத்தோடு, உங்களால் முடிந்த அளவு அழுத்தி அடியுங்கள். உங்களுக்கு நீங்கள் தெளிவாகக் கேட்கும் வரை வால்யூமை ஏற்றுங்கள். கார்டின் எல்லாச் சுரமும் தனித்தனியாகக் கேட்கிறபோது குமிழ் பாதியைத் தாண்டியிருந்தால், அடுத்த பெரிய ஆம்பைக் கேளுங்கள்.